கிபாலே காட்டுக்குச் சிம்பன்சி பார்க்கப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு உகாண்டாவில், ருவென்சோரி மலைத்தொடருக்குக் கிழக்கே, கிட்டத்தட்ட 795 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கிறது கிபாலே தேசியப் பூங்கா. ஆப்பிரிக்கா என்றதும் புல்வெளியும் சிங்கமும் ஜீப்பும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இது அந்த மாதிரிப் பயணம் இல்லை. நடக்க வேண்டும், நிற்க வேண்டும், காது கொடுத்துக் கேட்க வேண்டும். போக நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். செலவு, ஊசி, உடை எல்லாம் இதில் உண்டு. அவசரத்தில் படிப்பவர்கள் எதைத் தாண்டினாலும் சளி, இருமல் பற்றிய கேள்வியை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.

எத்தனையோ காடுகள் இருக்க ஏன் கிபாலே?

ஒரே காட்டில் 13 வகைக் குரங்கினங்கள் இருக்கின்றன. உகாண்டாவிலேயே அதிகமாகச் சிம்பன்சிகள் வாழும் காடும் இதுதான். ஏறத்தாழ 1,450 என்பது பூங்கா சொல்லும் கணக்கு. சிவப்புக் கொலோபஸ், கருப்பு வெள்ளைக் கொலோபஸ், மங்கபே, நீலக்குரங்கு, செவ்வால் குரங்கு, வெள்ளைத் தாடி வைத்த லோஸ்ட் குரங்கு, பபூன், வெர்வெட், இரவில் நடமாடும் பொட்டோ, புஷ்பேபி எல்லாம் இங்கே உண்டு. ஒரு காலை நடையில் நாலைந்து வகையைப் பார்ப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

இன்னொரு காரணமும் உண்டு. இது நன்றாகப் படிக்கப்பட்ட காடு. தாமஸ் ஸ்ட்ரூசேக்கர் 1970-இல் சிவப்புக் கொலோபஸ்களைப் பற்றி ஆய்வு தொடங்கினார். ரிச்சர்ட் ராங்கம் 1987-இல் கன்யவாரா பகுதிச் சிம்பன்சிகளைப் பின்தொடர ஆரம்பித்தார். 1995-இலிருந்து ஜான் மிட்டானியும் டேவிட் வாட்ஸும் ங்கோகோ என்ற இடத்தில் ஆய்வு செய்தார்கள். அங்கிருந்த சிம்பன்சிக் கூட்டம் 200-ஐத் தொட்டது. அவ்வளவு பெரிய கூட்டம் வேறெங்கும் பதிவாகவில்லை. கன்யவாராவில் மகெரேரே பல்கலைக்கழகத்தின் கள ஆய்வு நிலையமும் இருக்கிறது. உங்களைக் கூட்டிப்போகும் ரேஞ்சர் சொல்லும் கதைகளுக்குப் பின்னால் அரை நூற்றாண்டு உழைப்பு இருக்கிறது. அவரிடம் கேள்வி கேட்கத் தயங்காதீர்கள்.

போனால் சிம்பன்சியைக் கட்டாயம் பார்த்துவிடலாமா?

பெரும்பாலும் பார்த்துவிடலாம். கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பயணிகள் பார்க்கப் போவது கன்யான்சு பார்வையாளர் மையத்தைச் சுற்றி வாழும் கூட்டத்தை. மனிதர்களைக் கண்டு ஓடாத அளவுக்குப் பழகிய கூட்டம் அது. ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட சிம்பன்சிகளும் சேர்ந்தே திரிவதில்லை. சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரியும், சேரும், மறுபடி பிரியும். எந்த மரம் பழுத்திருக்கிறது என்பதைப் பொறுத்து அன்றைய நடமாட்டம் மாறும்.

பெரிய அத்தி மரம் ஒன்று பழுத்துவிட்டால் நாள்கணக்கில் அதே மரத்துக்கு வந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் போனால் அரை மணி நடையில் மரத்தடியில் நிற்பீர்கள். பழம் குறைந்த காலத்தில் மூன்று மணி நேரம் நடந்து, 30 மீட்டர் உயரத்தில் ஒரு முதுகை மட்டும் பார்க்க நேரலாம். தரையில் இறங்கி உங்களைத் தாண்டி நடந்து போகிற நாளும் உண்டு, கழுத்து வலிக்க அண்ணாந்தே நிற்கிற நாளும் உண்டு.

கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் சிம்பன்சி வரும். தாழ்ந்த குரலில் ‘ஹூ, ஹூ’ என்று தொடங்கி, ஏறி ஏறி அலறலாக முடியும் கூப்பாடு அது. கூடவே ஆண் சிம்பன்சிகள் மரத்தின் பலகை வேர்களைக் கைகாலால் அடித்து முழக்கும். முதன்முறை கேட்கிறவருக்கு உடம்பு சிலிர்த்துப் போகும். ரேஞ்சர் நின்றால் நீங்களும் நில்லுங்கள், பேசாதீர்கள். அவர் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் திசை கணிக்கிறார்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

இரண்டு இரவு குறைந்தபட்சம். மூன்று இருந்தால் நல்லது. முதல் நாள் மாலை வந்து, மறுநாள் காலை சிம்பன்சி பார்த்துவிட்டு, மதியமே அடுத்த பூங்காவுக்கு வண்டி ஏறுகிற திட்டத்தைத்தான் பெரும்பாலான பயண நிறுவனங்கள் போட்டுத் தருகின்றன. அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். இவ்வளவு தூரம் பறந்து வந்து, இவ்வளவு செலவு செய்து, காட்டுக்குள் அரை நாள் மட்டும் இருப்பது பெரிய இழப்பு. முதல் நாள் காடு வெறும் பச்சைச் சுவர்தான். அடுத்த நாள்தான் எந்தக் கிளை காற்றில் ஆடுகிறது, எது குரங்கு தாவி ஆடுகிறது என்று கண்ணுக்குப் பிடிபடும்.

டிராக்கிங், ஹாபிச்சுவேஷன் என்று இரண்டு இருக்கிறதே, என்ன வித்தியாசம்?

டிராக்கிங் என்றால் ரேஞ்சருடன் சிறு குழுவாக நடந்து சிம்பன்சிகளைத் தேடிக் கண்டுபிடித்து, கண்ட நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் அவற்றுடன் இருப்பது. ஒரு குழுவில் பொதுவாக ஆறு பேர். காலையிலும் கிளம்பலாம், பிற்பகலிலும் கிளம்பலாம். முடிந்தால் காலையைக் கேளுங்கள், வெளிச்சமும் நடமாட்டமும் அப்போது நன்றாக இருக்கும். பிற்பகலில் மழை பிடித்துக்கொள்ளும் வாய்ப்பும் கூடுதல்.

ஹாபிச்சுவேஷன் என்பது மனிதர்களுக்கு இன்னும் முழுதாகப் பழகாத சிம்பன்சிகளை மெல்லப் பழக்கும் ஆட்களோடு சேர்ந்து போவது. இந்தப் பழக்கம் வரவே பல வருடம் பிடிக்கும். விடியும் முன்பே கிளம்பி, சிம்பன்சிகள் இரவில் கிளைகளை மடித்துக் கட்டிய படுக்கையை விட்டு எழும் நேரத்தில் மரத்தடியில் இருக்க வேண்டும். அதன்பிறகு அவை போகிற இடமெல்லாம் நீங்களும். சாப்பாடு, சண்டை, சமாதானம், ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பது, குட்டிகளின் விளையாட்டு, மதிய உறக்கம் என்று ஒரு முழு நாளின் ஓட்டம் தெரியும். நல்ல நடை உடம்பு வேண்டும். காசும் உடம்பும் இடம் கொடுத்தால் நான் இதைத்தான் சொல்வேன். ஒரு மணி நேரத்தில் படம் எடுக்கத்தான் நேரம் இருக்கும். இதில் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம்.

கட்டணம் எவ்வளவு? பெர்மிட் எங்கே வாங்குவது?

2024 ஜூலையில் நடப்புக்கு வந்த கட்டணப்படி வெளிநாட்டவருக்கு டிராக்கிங் 250 டாலர், ஹாபிச்சுவேஷன் 400 டாலர். டிராக்கிங் மட்டுமே ரூபாயில் 20,000-ஐத் தாண்டும். கட்டணப் பட்டியலை அவ்வப்போது மாற்றுவார்கள், அதனால் முன்பதிவு செய்கிற அன்றைக்கு என்ன விலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெர்மிட் தருவது உகாண்டா வனவிலங்கு ஆணையம். நேரடியாகவும் வாங்கலாம், உகாண்டாவில் பதிவு பெற்ற பயண நிறுவனம் வழியாகவும் வாங்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரையும், கிறிஸ்துமஸை ஒட்டியும் போகிறவர்கள் சில மாதம் முன்பே வாங்கிவிட வேண்டும்.

முதலில் பெர்மிட், அப்புறம் விமான டிக்கெட், அப்புறம் தங்குமிடம். இந்த வரிசையில் போங்கள். நிறுவனத்திடம் முழுப் பணம் கொடுக்கும் முன் உங்கள் பெயரும் தேதியும் உள்ள பெர்மிட்டின் நகலை அனுப்பச் சொல்லுங்கள். நல்ல நிறுவனம் எதுவும் இதற்கு முகம் சுளிக்காது.

எந்த மாதம் நல்லது?

மழை குறைந்த காலம் வருடத்தில் இரண்டு முறை வரும்: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அப்போது பாதை வழுக்காது. மார்ச் முதல் மே, செப்டம்பர் முதல் நவம்பர் மழைக்காலம். மழைக்காடு என்பதால் வறண்ட மாதத்திலும் ஒரு மழை வந்துபோகும், ரெயின்கோட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள். மழைக்காலத்தில் கூட்டம் குறைவு, சில தங்குமிடங்களில் வாடகையும் குறையும். சேறு பொறுப்பவர் தாராளமாக அப்போது போகலாம்.

எப்படிப் போய்ச் சேருவது? விசா?

எண்டெபே விமான நிலையத்தில் இறங்க வேண்டும். சென்னையிலிருந்து துபாய், தோஹா, அடிஸ் அபாபா போன்ற இடங்களில் மாறிப் போகலாம். மும்பையிலிருந்து உகாண்டா ஏர்லைன்ஸ் 2023 அக்டோபரில் நேரடி விமானம் தொடங்கியது. எண்டெபேயிலிருந்து தலைநகர் கம்பாலா, அங்கிருந்து ஃபோர்ட் போர்ட்டல் ஊர் சுமார் 300 கிலோமீட்டர். கம்பாலா நெரிசலைத் தாண்டிவிட்டால் ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஃபோர்ட் போர்ட்டலிலிருந்து கன்யான்சு தெற்கே 35 கிலோமீட்டர் அளவு, நல்ல தார்ச்சாலை. விமானம் இரவில் இறங்கினால் அன்று எண்டெபேயிலேயே படுத்துவிட்டுக் காலையில் கிளம்புங்கள். இரவில் நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம்.

விசாவை இணையத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். உகாண்டா மட்டும் என்றால் ஒருமுறை நுழைவுச் சுற்றுலா விசா 50 டாலர். கென்யாவோ ருவாண்டாவோ சேர்த்துப் போகிறவர்களுக்கு மூன்று நாட்டுக்கும் செல்லும் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா 100 டாலருக்குக் கிடைக்கிறது, 90 நாள் செல்லும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா?

கட்டாயம். உகாண்டாவுக்குள் நுழையச் சான்றிதழ் கேட்பார்கள். அதைவிட முக்கியம் திரும்பி வருவது. உகாண்டாவிலிருந்து சான்றிதழ் இல்லாமல் இந்தியா வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கச் சட்டம் இடம் தருகிறது. இலங்கையும் இந்த நோயுள்ள நாடுகளிலிருந்து வருபவரிடம் சான்றிதழ் கேட்கிறது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் போதும். 2016-இலிருந்து உலக சுகாதார விதி அப்படி மாறிவிட்டது.

அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இதைப் போட முடியும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிறுவனமும் துறைமுக சுகாதார அலுவலகமும் அப்படிப்பட்டவை. முன்பதிவு, பாஸ்போர்ட் இரண்டும் வேண்டும். 60 வயதைத் தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் முதலில் தங்கள் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

மலேரியாவுக்கு ஊசியை நம்பிப் பயணம் போக முடியாது, மாத்திரைதான். எது உங்களுக்குச் சரி என்று மருத்துவர் சொல்வார். போகும் முன்பே தொடங்கி, திரும்பி வந்த பிறகும் குறித்த நாள் வரை சாப்பிட வேண்டும். ஊருக்கு வந்ததும் நிறுத்திவிடுவதுதான் பலர் செய்கிற தவறு.

லேசான சளிதான், இருமல் கொஞ்சம் இருக்கிறது. போகலாமா?

போகக் கூடாது. இதில் பேரத்துக்கே இடமில்லை.

நமக்கு மூன்று நாள் மூக்கு ஒழுகி நின்றுபோகிற கிருமி சிம்பன்சியைக் கொன்றுவிடும். அவற்றின் உடம்பு நம் உடம்புக்கு அவ்வளவு நெருக்கம், ஆனால் நம் கிருமிகளை எதிர்த்துப் பழக்கம் இல்லை. 2013-இல் கன்யவாராவில் மனிதர்களின் சாதாரண சளி வைரஸ் வகைகளில் ஒன்றான ரைனோவைரஸ் சி பரவியது. 56 சிம்பன்சிகள் இருந்த கூட்டத்தில் ஐந்து இறந்தன. 2016 கடைசியிலும் 2017 தொடக்கத்திலுமாக ங்கோகோவில் மூச்சுத்தொற்று பரவி 25 சிம்பன்சிகள் இறந்தன. காரணம் மெட்டாநியூமோ வைரஸ், அதுவும் மனிதர்களிடம் குழந்தைகளுக்குச் சளி உண்டாக்குகிற கிருமிதான். அதே சமயத்தில் கன்யவாராவிலும் நோய் பரவியது. சோதித்துப் பார்த்தபோது அங்கே இருந்தது வேறொரு வைரஸ், அதன் மூலமும் மனிதர்தான்.

சிம்பன்சித் தாய் ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறைதான் குட்டி போடும். ங்கோகோவில் அப்படிப் போன 25 உயிரை ஈடுகட்ட அந்தக் கூட்டத்துக்கு எத்தனை வருடம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வேட்டைக்காரனிடமிருந்து காப்பாற்ற ரேஞ்சர் இருக்கிறார். நம் தும்மலிலிருந்து காப்பாற்ற நாம் மட்டும்தான்.

அதனால் முகக்கவசம் கட்டாயம். சிம்பன்சி பக்கத்தில் இருக்கும்வரை அதை மூக்குக்குக் கீழே இறக்கக் கூடாது. குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதுவாகக் கிட்டே வந்தால் நீங்கள் பின்வாங்க வேண்டும். காட்டுக்குள் சாப்பிடக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது, பழத்தோல் போடக் கூடாது. வயிற்றுக்கு அவசரம் என்றால் ரேஞ்சரிடம் சொல்லுங்கள், குழி தோண்டி மூடச் சொல்லித் தருவார். விமானத்தில் ஏறும் நாளிலிருந்தே முகக்கவசம் போட்டுக்கொள்வது நல்ல பழக்கம், பயணத்தில்தான் பலருக்குத் தொற்று ஒட்டிக்கொள்கிறது.

உடம்பு சரியில்லை என்று கிளம்பும் முன் மையத்தில் சொல்லிவிடுங்கள். நோயுற்றவர் நுழைவதைத் தடுக்க ரேஞ்சருக்கு அதிகாரம் உண்டு. தானாகச் சொல்பவருக்குத் தேதி மாற்றமோ பணத்தில் ஒரு பகுதியோ கிடைக்குமா என்று முன்பதிவின்போதே கேட்டு வையுங்கள். இரண்டு மூன்று இரவு தங்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். நாள் கையில் இருந்தால் உண்மையைச் சொல்லத் தயக்கம் வராது. மறைத்துவிட்டுப் போவது மட்டும் வேண்டாம். பெர்மிட் பணத்தைவிட அந்த உயிர் பெரிது.

என்ன உடுத்துவது, என்ன எடுத்துப் போவது?

மழைக்காடு என்றதும் நமக்கு வால்பாறைப் பக்கத்து அட்டை நினைவுக்கு வரும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. தொல்லை கொடுப்பது சஃபாரி எறும்பு. பாதையின் குறுக்கே கறுப்பு நாடா விரித்ததுபோல ஊர்ந்து போகும். கவனிக்காமல் மிதித்துவிட்டால் கால்சட்டைக்குள் ஏறிக் கொத்தாகக் கடிக்கும். நீளக் கால்சட்டை போட்டு அதன் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். அழகாக இருக்காது, ஆனால் எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள்.

கணுக்காலை மூடும் பூட்ஸ் வேண்டும், வீட்டில் போட்டு நடந்து பழகியதாக இருக்கட்டும். முழுக்கைச் சட்டை, மெல்லிய ரெயின்கோட், தோட்டவேலைக் கையுறை. செந்தட்டி மாதிரி பட்டதும் எரியும் செடிகள் நிறைய இருப்பதால் கையுறை வீணாகாது. அடர்ந்த பச்சை, பழுப்பு நிறங்கள் நல்லது. ஆனால் ராணுவ உடை போலப் புள்ளிபோட்ட துணியை உகாண்டாவில் பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம், அதை எடுத்துப் போகவே வேண்டாம். கிபாலே கடல்மட்டத்திலிருந்து 1,100 முதல் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, விடியற்காலை குளிரும். ஒரு ஸ்வெட்டர் போதும். மின்செருகி பிரிட்டன் வகை, மூன்று சதுர முனை உள்ளது. அதற்கான அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

வயதான பெற்றோரை, பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

தெற்கே உள்ள புவிண்டிக் காட்டில் கொரில்லா தேடி ஏறுகிற மாதிரி மலை இங்கே இல்லை. தரை பெரும்பாலும் மெல்ல ஏறி இறங்கும். தினமும் ஒரு மணி நேரம் நடக்கிற 65 வயதுக்காரர் தாராளமாக வரலாம். வேர் தடுக்கும், சேறு வழுக்கும், அதனால் ஒரு கைத்தடி கொடுங்கள். பை தூக்கவும் கை கொடுக்கவும் போர்ட்டர் கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள், அது உள்ளூர் ஆளுக்கு அன்றைய கூலி. மெதுவாக நடப்பவர் உண்டு என்று காலையில் குழு பிரிக்கும்போதே சொல்லிவிட்டால் அதற்கேற்ற குழுவில் சேர்ப்பார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு அனுமதி கிடையாது. சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் வயது வரம்பு வைத்திருக்கிறார்கள், கொரில்லாவுக்கு 15. பெர்மிட் வாங்கும்போது பிள்ளையின் வயதைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். அவர்களுக்குப் பிகோடி சதுப்பு நிலம் இருக்கிறது, கீழே அதைப் பற்றிச் சொல்கிறேன்.

ரேஞ்சர் ஏன் துப்பாக்கி வைத்திருக்கிறார்?

யானைக்காக. கிபாலேயில் காட்டு யானைகள் உண்டு, அடர்ந்த புதரில் பத்தடி தள்ளி நின்றாலும் தெரியாது. எதிர்பாராமல் முட்டிக்கொண்டால் வானத்தில் சுட்டு விரட்டத்தான் அந்தத் துப்பாக்கி. அவர் கையைக் காட்டி நிற்கச் சொன்னால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள்.

படம் எடுப்பது எப்படி?

காட்டுக்குள் இருட்டு. சிம்பன்சியும் கறுப்பு. ஃபிளாஷ் போடக் கூடாது. 70-200 லென்ஸ், அதுவும் 2.8 திறப்பு உள்ளது, இங்கே பெரிய தொலைநோக்கு லென்ஸைவிட உதவும். ஐஎஸ்ஓவை 3200-க்கு மேல் ஏற்றத் தயங்காதீர்கள். பின்னால் வானம் இருந்தால் முகம் கரியாகிவிடும், எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டுங்கள். ட்ரோனுக்கு அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. கேமரா இல்லையென்றால் வருத்தம் வேண்டாம், 8x42 பைனாகுலர் ஒன்று போதும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் பைனாகுலரைத்தான் எடுப்பேன்.

சிம்பன்சி தவிர வேறென்ன பார்க்கலாம்?

நிறைய. சிம்பன்சி மயக்கத்தில் மற்றவற்றைக் கவனிக்காமல் வந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்கு ஆதங்கம்.

சிவப்புக் கொலோபஸை எடுத்துக்கொள்ளுங்கள். அழியும் ஆபத்தில் உள்ள குரங்கு இது, கிபாலேதான் இதன் முக்கியமான புகலிடம். செம்பட்டை உச்சி, சாம்பல் உடம்பு, கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மொட்டு. இலைதான் முக்கிய உணவு. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் கருமந்திக்கு இது தூரத்து உறவு, இரண்டும் இலை தின்னும் குரங்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சிம்பன்சிகள் கூட்டமாகச் சேர்ந்து வேட்டையாடுவது இந்தக் கொலோபஸைத்தான். ங்கோகோவில் வேட்டை அதிகமாகி அங்கே கொலோபஸ் எண்ணிக்கையே வெகுவாகச் சரிந்தது. நீங்கள் இருக்கும் நேரத்தில் வேட்டை நடந்தால் அலறலும் ரத்தமும் பார்க்க நேரும். மனம் தாங்காதவர் ரேஞ்சரிடம் சொல்லிச் சற்றுத் தள்ளி நிற்கலாம்.

கருப்பு வெள்ளைக் கொலோபஸ் தோளிலிருந்து வெள்ளை மயிர் தொங்கத் தாவுவது தனி அழகு. மங்கபே பழம் தேடி உச்சிக் கிளைகளில் திரியும், அதன் கூவல் காட்டைத் தாண்டிக் கேட்கும். இரவு நடைக்குக் கன்யான்சுவில் ஏற்பாடு உண்டு. டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கண் மெல்ல நகர்ந்தால் பொட்டோ, துள்ளினால் புஷ்பேபி. பறவை பார்ப்பவர்களுக்குப் பச்சை மார்புப் பிட்டாதான் கனவு. அதற்குத் தனியாக வழிகாட்டி பேசி, விடியும் முன் போக வேண்டும்.

பூங்காவுக்கு வெளியே, கன்யான்சுவிலிருந்து சில கிலோமீட்டரில் பிகோடி சதுப்பு நிலம் இருக்கிறது. 1992-இல் ஊர்க்காரர்கள் தொடங்கிய காஃப்ரெட் என்ற சங்கம் இதைப் பார்த்துக்கொள்கிறது. வரும் பணம் ஊர்ப் பள்ளி போன்ற பொதுக் காரியங்களுக்குப் போகிறது. பப்பைரஸ் கோரைக்கு நடுவே இரண்டு மூன்று மணி நேர நடை. பெரிய நீல டுராக்கோ என்ற பறவையையும் பல வகைக் குரங்குகளையும் காட்டுக்குள்ளே பார்ப்பதைவிடக் கிட்டத்தில் பார்க்கலாம். பெர்மிட் கிடைக்காதவர்கள்கூட இதற்காகவே ஒரு நாள் தங்கலாம்.

கொரில்லாவையும் சேர்த்துப் பார்த்துவிடலாமா?

பார்க்கலாம், ஆனால் வேறு காடு. புவிண்டி தெற்கே இருக்கிறது, சாலையில் ஒரு முழுப் பகல் பிடிக்கும். வழியில் ராணி எலிசபெத் பூங்காவில் ஓரிரு இரவு தங்கினால் உடம்பு தாங்கும். கொரில்லா பெர்மிட் 800 டாலர். உலகில் மொத்தம் 1,063 மலைக் கொரில்லாக்கள் என்பது கடைசியாக முடிந்த கணக்கெடுப்பு, அதில் 459 புவிண்டிப் பகுதியில். இரண்டுக்கும் சேர்த்துப் பத்து நாளாவது வேண்டும். ஒரு வாரம்தான் விடுப்பு என்றால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை நிதானமாகப் பாருங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கவலையே வேண்டாம். வாழைக்காயை வேகவைத்து மசித்த மட்டோகே, வேர்க்கடலைக் குழம்பு, பீன்ஸ், போஷோ என்ற சோளமாவுக் களி, டோடோ என்ற தண்டுக்கீரை வகைக் கூட்டு, சப்பாத்தி, வெண்ணெய்ப்பழம், அன்னாசி எல்லாம் எங்கும் உண்டு. முட்டை சாப்பிடுகிறவர்கள் தெருவோரக் கடையில் ரோலெக்ஸ் கேளுங்கள், ஆம்லெட்டைச் சப்பாத்தியில் சுருட்டித் தருவது. கம்பாலாவில் இந்திய உணவகங்கள் நிறைய. லாட்ஜில் முதல் நாளே சொல்லி வைத்தால் போதும்.

நாம் கொடுக்கும் பணம் ஊர்க்காரர்களுக்குப் போகிறதா?

ஒரு பங்கு போகிறது. பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்கு என்பது சட்டம். இருந்தாலும் காட்டோரம் வாழ்வது சுலபமில்லை. யானையும் பபூனும் மக்காச்சோளத்தை அழித்துவிடும். 1993-இல் தேசியப் பூங்கா ஆவதற்கு முந்தைய வருடம், தெற்குப் பகுதியில் குடியேறியிருந்த ஆயிரக்கணக்கான மக்களை வெளியேற்றினார்கள். அந்த வலி இன்னும் ஆறாத குடும்பங்கள் உண்டு. காட்டை நேசிக்கிறவர்கள் இதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சிறுமானுக்கும் காட்டுப்பன்றிக்கும் வைக்கிற கம்பிக் கண்ணியில் சிம்பன்சியின் கை மாட்டிக்கொள்கிறது. விரல் போன, மணிக்கட்டு மடங்கிப்போன சிம்பன்சியை நீங்கள் பார்க்க நேரலாம். கண்ணிகளைத் தேடி எடுக்கும் குழுக்கள் 1997 முதல் கிபாலேயில் நடந்துகொண்டிருக்கின்றன. உதவ நினைப்பவர்கள் இப்படிப்பட்ட வேலைக்குக் கொடுக்கலாம். ஊரிலேயே தங்குவது, ஊர் வழிகாட்டியை அமர்த்துவது, கூடையும் தேனும் அங்கேயே வாங்குவது, ரேஞ்சருக்கும் போர்ட்டருக்கும் கையில் டிப்ஸ் கொடுப்பது, இவையெல்லாம் நேராகப் போய்ச் சேரும். கிழியாத, புதிய வரிசை டாலர் நோட்டாக எடுத்துப் போங்கள், பழைய நோட்டை வாங்க மறுப்பார்கள்.

இங்கே வாழும் டூரோ மக்களிடம் எம்பாக்கோ என்று ஒரு வழக்கம் உண்டு. அமூட்டி, அக்கீக்கி, அப்வோலி போன்ற ஒரு சில அன்புப் பெயர்களில் ஒன்றை எல்லோருக்கும் வைப்பார்கள், மரியாதையோடும் பாசத்தோடும் கூப்பிட அந்தப் பெயர்தான். வழிகாட்டியின் எம்பாக்கோ என்ன என்று கேளுங்கள். அவர் முகம் மலரும், அநேகமாக உங்களுக்கும் ஒன்று வைத்துவிடுவார்.

குட்டிச் சிம்பன்சியைத் தூக்கிப் படம் எடுக்கலாம் என்று யாராவது கூப்பிட்டால்?

போகாதீர்கள். ஒரு குட்டியைப் பிடிக்கத் தாயைக் கொல்ல வேண்டியிருக்கும், பல நேரம் தடுக்க வந்த மற்றவற்றையும். எங்கே பார்த்தீர்கள் என்று வனவிலங்கு ஆணையத்துக்குத் தெரிவியுங்கள். அநாதையான சிம்பன்சிகளைக் கிட்டத்தில் பார்க்க ஆசையென்றால் எண்டெபேயிலிருந்து படகில் விக்டோரியா ஏரியில் உள்ள ங்காம்பா தீவுக்குப் போகலாம். மீட்கப்பட்ட சிம்பன்சிகளுக்காக 1998-இல் தொடங்கிய காப்பகம் அது. அங்கேயும் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும்.

ஊர் திரும்பிய பிறகு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

காய்ச்சல் வந்தால் சும்மா இருக்கக் கூடாது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும் மலேரியா வரலாம், வாரங்கள் கழித்தும் வரலாம். மருத்துவரிடம் போனதும் முதல் வார்த்தையாக உகாண்டா போய் வந்தேன் என்று சொல்லி, அன்றைக்கே ரத்தப் பரிசோதனை கேளுங்கள். டெங்கு சீசனாக இருந்தால் டெங்கு மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். மலேரியாவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூட்ஸைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள், அடுத்து டாப்ஸ்லிப்புக்கோ வேறு காட்டுக்கோ அதையே போட்டுப் போகிறவராக இருந்தால் இது அவசியம்.